டைப் 1 சுகரோட கர்ப்பம்: 20 சென்சார் போட்ட அனுபவம்

எனக்கு ஒம்பது வயசுல சுகர் வந்துச்சு, இப்ப 31. இத்தன வருஷமும் இன்சுலின் ஊசிதான். போன வருஷம் பையன் பொறந்தான், அவனுக்காக கைல ஒட்டி சுகர் பாக்கற பதினாலு நாள் சென்சார் மொத்தம் 20 வாங்கிப் போட்டேன், அதப் பத்தின ரிவ்யூதான் இது. கம்பெனி பேர் வேணும்னேதான் போடல, கடைல இப்ப ரெண்டு மூணு கம்பெனி சென்சார் கிடைக்குது, நான் சொல்றது பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொருந்தும்.

கர்ப்பத்துல புதுசா வர்ற சுகர் வேற, எங்க டைப் 1 சுகர் வேற. அவங்களுக்கு பிரசவத்தோட பெரும்பாலும் சரியாயிடும், நிறைய பேருக்கு சாப்பாட்ட மாத்தினாலே போதும். எங்களுக்கு உடம்புல இன்சுலினே சுரக்காது, ஒரு நாள் ஊசிய விட்டாலும் ஆபத்து. இத ஏன் சொல்றேன்னா செக்கப்புக்கு போன ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) எல்லாருக்கும் குடுக்கற மாதிரி எனக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைச்ச டம்ளர நீட்டினாங்க. அது சுகர் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கற டெஸ்ட், ரெண்டு மணி நேரம் கழிச்சு 140 இல்ல அதுக்கு மேல வந்தா கர்ப்ப கால சுகர்னு அர்த்தம், ஊர்ல எல்லாப் பொண்ணுங்களுக்கும் அத பண்றது ரொம்ப நல்ல விஷயம், ஆனா 22 வருஷமா ஊசி போடறவளுக்கு அது எதுக்கு? நான் குடிக்க மாட்டேன்னு சொல்லி ஃபைல காட்டி, அவங்க மேல இருக்கற டாக்டர்கிட்ட கேட்டு, அப்புறம்தான் விட்டாங்க. உங்களுக்கும் நீட்டினா தயங்காம சொல்லுங்க.

சரி, சென்சாருக்கு வர்றேன். அஞ்சு ரூபா காசு சைஸவிட கொஞ்சம் பெருசா ஒரு வட்டம், மேல் கையோட பின்பக்கத்துல வச்சு அமுக்கினா ஒட்டிக்கும், உள்ள முடி மாதிரி ஒரு மெல்லிசான இழை போகும். வலி விரல்ல குத்தறதவிட கம்மி, எனக்கு பாதி தடவை தெரியவே இல்ல. அது ரத்தத்துல அளக்கறதில்ல, தோலுக்கு அடியில இருக்கற நீர்ல இருக்கற சுகர அளந்து போனுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். நம்பரோட ஒரு அம்புக்குறியும் வரும், மேல போகுதா கீழ போகுதா நேரா போகுதான்னு. என்னக் கேட்டா இந்த காசு முழுக்க அந்த அம்புக்குத்தான். விரல்ல குத்திப் பாக்கற ஸ்ட்ரிப்ல 95ன்னு வந்தா நிம்மதியா படுத்துடுவோம், ஆனா அது 95ல நிக்குதா, 150லேர்ந்து விழுந்துக்கிட்டே 95 கடக்குதான்னு ஸ்ட்ரிப்புக்கு தெரியாது. டைப் 1 இருக்கற யாருக்கும் இந்த வித்தியாசம் என்னன்னு விளக்க வேண்டியதில்ல.

நான் முதல் சென்சார் போட்டப்ப கர்ப்பம் இல்ல, கல்யாணமாகி ரெண்டு வருஷம், எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்) 8.9. குழந்தை வேணும்னு டாக்டரம்மாகிட்ட சொன்னதும் அவங்க சந்தோஷப்பட்டாங்க, அதே மூச்சுல "இன்னும் ஆறேழு மாசம் தள்ளிப் போடும்மா, 6.5 கிட்ட வரட்டும்"னாங்க. 10க்கு மேல இருந்தா கர்ப்பமே ஆகக்கூடாதுன்னு சொல்றாங்க. காரணம் என்னன்னா குழந்தையோட இதயம், முதுகுத்தண்டு, மூளை எல்லாம் உருவாகறது முதல் ஏழெட்டு வாரத்துல, நமக்கு நாள் தள்ளிப் போயிருக்குன்னு தெரிஞ்சு டெஸ்ட் பண்ணி டாக்டர்கிட்ட போறதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிருக்கும். அதனால டைப் 1 இருக்கறவங்களுக்கு கர்ப்பம்கறது அந்த ரெண்டு கோடு தெரியறதுக்கு பல மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். இத எனக்கு இருபது வயசுலயே யாராவது சொல்லியிருக்கணும்னு இப்பவும் வருத்தமா இருக்கு. சின்ன வயசுலேர்ந்து எங்கள கூட்டிட்டுப் போற பெரியவங்க எல்லாருக்கும் ஒரே கவலைதான், இவளுக்கு கல்யாணம் ஆகுமா, வெளிய தெரிஞ்சா யாராவது வருவாங்களா. மறைச்சு மறைச்சு, ஹாஸ்டல்ல பாத்ரூம்ல போய் ஊசி போட்டு, கர்ப்பத்துக்கு என்ன பண்ணணும்ங்கற பேச்சே வராம போயிடுது.

அந்த ஏழு மாசத்துல சென்சார் தவிர நடந்தத வேகமா சொல்லிடறேன். ஃபோலிக் ஆசிட் சாதாரணமா குடுக்கற சின்ன டோஸ் இல்ல, 5 மில்லிகிராம், கர்ப்பமாகறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு 12 வாரம் வரைக்கும். பிபிக்காகவும் யூரின்ல புரதம் போறதுக்காகவும் குடுத்துக்கிட்டிருந்த ராமிப்ரில நிறுத்தி வேற மாத்தினாங்க, கொழுப்பு மாத்திரையும் நிறுத்தினாங்க, ரெண்டும் குழந்தைக்கு ஆகாது. தைராய்டு, கிட்னி டெஸ்ட். அப்புறம் கண். ரெடினா செக்கப்ப தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க, கர்ப்பத்துல கண் நரம்பு பாதிப்பு அதிகமாகலாம், சுகர ஒரேயடியா சடார்னு இறக்கினாலும் அதிகமாகலாம், அதனாலதான் எனக்கு மெதுவா இறக்கினாங்க. லேசான ஆரம்ப பாதிப்பு இருந்துச்சு, லேசர் தேவைப்படல, ஆனா கர்ப்பத்துல மூணு தடவை பாத்தாங்க.

சென்சார் போட்ட முதல் வாரமே தெரிஞ்ச விஷயம், நான் சாப்பாட்டுக்கு ஊசி போடற நேரமே தப்பு. ஊசி போட்ட கையோட தட்டுல உக்காந்துடுவேன், சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் பழக்கம். நாலு இட்லி சாப்பிட்டா ஒரு மணி நேரத்துல 240, மூணு மணி நேரம் கழிச்சு 75. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரல்ல குத்தினா நடுவுல இருந்த மலை தெரியாம போயிடும். டாக்டரம்மா அந்த கிராஃப பாத்துட்டு டோஸ தொடல, ஊசிய 20 நிமிஷம் முன்னாடி போடச் சொன்னாங்க, இட்லி மூணாச்சு, கூட ஒரு முட்டை இல்ல சுண்டல். மலை 170ல நின்னுச்சு. எட்டாவது மாசத்துல அதே 20 நிமிஷம் பத்தாம 40 நிமிஷம் வரைக்கும் காத்திருந்தேன், ஆனா அத நீங்களா பண்ணாதீங்க, அம்புக்குறி கீழ போக ஆரம்பிக்கறத பாத்துட்டுதான் நான் சாப்பிட உக்காருவேன், சென்சார் இல்லாம அவ்வளவு நேரம் காத்திருந்தா லோ ஆயிடும், அதாவது சுகர் ரொம்ப இறங்கிடும்.

இன்னொண்ணு வெண்பொங்கல். நெய்யும் பருப்பும் சேர்ந்து மெதுவா ஏறும், ரெண்டு மணி நேரத்துல பாத்தா நல்லா இருக்கும், நாலாவது மணி நேரத்துல 210. அத்தன வருஷமா பொங்கல் எனக்கு ஒத்துக்கற சாப்பாடுன்னே நம்பிக்கிட்டிருந்தேன்.

8.9 முதல்ல 7.6 ஆச்சு, அப்புறம் 6.9, ஏழாவது மாசம் 6.4. திட்டம் போடற காலத்துக்கு நாலு சென்சார்தான் வாங்கினேன், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு மாதிரி, நடுவுல ஸ்ட்ரிப். இங்க ஒரு உண்மைய சொல்லணும். 2017ல லான்செட்ல வந்த கான்செப்ட்ங்கற ஆய்வுல டைப் 1 இருக்கற 325 பொண்ணுங்கள பாத்தாங்க, 215 பேர் கர்ப்பிணி, 110 பேர் திட்டம் போட்டுக்கிட்டிருந்தவங்க. கர்ப்பிணிகள்ல சென்சார் போட்டவங்களுக்கு பொறந்த குழந்தைகள்ல அளவுக்கு மீறி பெருசா பொறந்தது கம்மி, ஐசியுல ஒரு நாளுக்கு மேல இருந்தது கம்மி, பொறந்ததும் சுகர் இறங்கறதும் கம்மி. ஆனா திட்டம் போட்டவங்கள்ல சென்சார் போட்டதால பெரிய வித்தியாசம்னு உறுதியா சொல்ற மாதிரி எதுவும் வரல. அதனால காசு கம்மியா இருக்குன்னா முன்னாடி காலத்துக்கு ஒண்ணு ரெண்டு போட்டு நம்ம உடம்ப தெரிஞ்சுக்கிட்டு, மிச்சத்த கர்ப்பத்துக்கு வச்சுக்கறதுதான் சரின்னு எனக்கு தோணுது.

கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னிக்கே ஆப்ல ஒண்ண மாத்தணும். ஆப்ல வர்ற பச்சைக் கோடு 70லேர்ந்து 180 வரைக்கும், அது சாதாரண ஆளுக்கு. கர்ப்பத்துக்கு 63லேர்ந்து 140. ஒரு நாள்ல 70 சதவீதத்துக்கு மேல, அதாவது கிட்டத்தட்ட 17 மணி நேரம், அதுக்குள்ள இருக்கணும்கறதுதான் டார்கெட், 63க்கு கீழ ஒரு மணி நேரம்கூட போகக்கூடாது. இத மாத்தாம விட்டா ஆப் எல்லாம் பச்சையா காட்டும், நாமளும் நல்லா இருக்கோம்னு நினைப்போம். எனக்கு முதல் மாசம் 58 சதவீதம்தான் வந்துச்சு, அழுதேன். 26வது வாரத்துலதான் 70 தொட்டேன். அந்த ஆய்வுலயே சென்சார் போட்டவங்களுக்கு கடைசியில சராசரி 68, போடாதவங்களுக்கு 61தான். அத முன்னாடியே படிச்சிருந்தா அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

இப்ப 11வது வாரத்துல நடந்தத சொல்றேன். ஆறு ஏழு வாரத்துலேர்ந்து பதினாறு வாரம் வரைக்கும் லோ சுகர் அடிக்கடி வரும், இன்சுலின் தேவையே குறையும், கூடவே வாந்தி வேற. எனக்கு நாளைக்கு 38 யூனிட்ல இருந்தது 30க்கு வந்துச்சு. இத்தன வருஷம் சுகரோட இருந்ததால லோ ஆனா முன்ன மாதிரி வேர்த்து, கை நடுங்கி தெரியறதில்ல, 50ல கூட சும்மா உக்காந்திருப்பேன். என் வீட்டுக்காரர் துவாக்குடில வேலை, அந்த வாரம் நைட் ஷிஃப்ட், அம்மா எனக்கு துணைக்கு வந்து பக்கத்து ரூம்ல படுத்திருந்தாங்க. ராத்திரி மூணு பத்துக்கு அலாரம் அடிச்சிருக்கு, எனக்கு கேக்கல. சென்சார் நம்பர் அவர் போனுக்கும் போற மாதிரி வச்சிருந்தோம், அவருக்கு 58, அம்பு நேரா கீழன்னு வந்திருக்கு, எனக்கு போன் பண்ணி எடுக்கலன்னதும் அம்மாவுக்கு பண்ணியிருக்கார். அம்மா வந்து உலுக்கினப்ப கண்ணு தொறந்தேன், வாய் கோணிக்கிட்டு பேச்சு வரல, குத்திப் பாத்தா 41. மூணு ஸ்பூன் குளுக்கோஸ் பவுடர தண்ணில கலக்கி கொஞ்சம் கொஞ்சமா குடுத்தாங்க. சின்னதுல எனக்கு லோ ஆனப்பல்லாம் பண்ணின அதே மாதிரி தலைய மடியில வச்சுக்கிட்டு. நான் முழுங்கற நிலைமைல இருந்ததால அது சரி, மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தக்கூடாது, சுகர ஏத்தற குளுக்ககான் ஊசி இருந்தா அதப் போட்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும், இத வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க. அன்னிக்கு அந்த அலாரம் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நான் இப்பவும் யோசிக்க விரும்பல. இருபது சென்சாருக்கும் குடுத்த காசு அந்த ஒரு ராத்திரிக்கே சரியாப்போச்சு.

குறைகளும் நிறைய இருக்கு.

முதல் நாள் நம்பர நம்பாதீங்க. எனக்கு ஒவ்வொரு சென்சாரும் முதல் இருபத்தி நாலு மணி நேரம் 20, 30 கம்மியாவோ அதிகமாவோ காட்டும். அதனால பழசு முடியறதுக்கு முதல் நாள் ராத்திரியே ஸ்ட்ரிப் வாங்கி வச்சுக்குவேன். ஸ்ட்ரிப்பே வேண்டாம்னு கடைல சொல்லுவாங்க, எனக்கு வாரத்துக்கு பத்து பதினஞ்சு ஆச்சு.

லோ ஆகி குளுக்கோஸ் குடிச்சா ரத்தத்துல ஏறி கொஞ்ச நேரம் கழிச்சுதான் சென்சார்ல ஏறும். இது தெரியாம முதல் மாசம் இன்னும் 60 இன்னும் 60ன்னு பயந்து பயந்து குடிச்சு 230 போயிருக்கேன். லோவுக்கு அப்புறம் கால் மணி நேரம் கழிச்சு விரல்ல குத்தித்தான் பாக்கணும்.

அப்புறம் படுக்கற பக்கம். ஏழாவது மாசத்துலேர்ந்து இடது பக்கம் ஒருக்களிச்சு படுன்னு எல்லாரும் சொல்லுவாங்கல்ல, என் சென்சார் இடது கைல. கை அமுங்கினா அந்த இடத்துல ரத்த ஓட்டம் குறைஞ்சு பொய்யா லோ காட்டும். நாலு நாள் தொடர்ந்து ராத்திரி ரெண்டு மணிக்கு 54, எழுந்து குத்தினா 102. காரணமே புரியாம பேசல் இன்சுலின (நாள் முழுக்க மெதுவா வேலை செய்யறது) குறைக்கலாமான்னு டாக்டரம்மாகிட்ட கேக்கப் போயிட்டேன், அவங்கதான் "எந்தக் கைம்மா"ன்னு ஒரே கேள்வி கேட்டாங்க. வலது கைக்கு மாத்தினதும் நின்னுடுச்சு. கர்ப்பிணிகளுக்கு விக்கறவங்க இத முதல் வரியா எழுதி வைக்கணும்.

பசை. மே மாசம் திருச்சி வெயில், வேர்வைல பத்தாவது நாளே ஓரம் கிளம்பிடும். ஒண்ணு பஸ்ல கம்பில உரசி பிஞ்சே போச்சு, அதுக்கு மாத்து குடுக்கல, என் காசுதான் போச்சு. தானா வேலை நின்ன ரெண்டுக்கு மட்டும் புதுசு அனுப்பினாங்க, ஒண்ணுக்கு மூணே நாள்ல வந்துச்சு, இன்னொண்ணுக்கு போன் பண்ணி பண்ணி பன்னெண்டு நாள் ஆச்சு. பன்னெண்டு நாள்ங்கறது கர்ப்பத்துல சின்ன விஷயம் இல்ல. மேல ஒட்டற பிளாஸ்டர் தனியா கிடைக்குது, குளிக்கறதுக்கு முன்னாடி அத ஒட்டிடுங்க, எண்ணெய் தேய்க்கற அன்னிக்கு கைய விட்டுடுங்க.

கர்ப்ப ஸ்கேனுக்கு கழட்ட வேண்டாம், எம்ஆர்ஐ, சிடி மாதிரி எடுக்கறதா இருந்தா கழட்டணுமான்னு கேட்டுக்கோங்க. வைட்டமின் சி அதிக டோஸ்ல சாப்பிட்டா சில சென்சார் உண்மைய விட அதிகமா காட்டும், இரும்புச்சத்து மாத்திரையோட அதையும் சேர்த்து குடுக்கறதால டோஸ் என்னன்னு கேட்டுக்கோங்க. எல்லா சென்சாரும் கர்ப்பத்துக்குன்னு அனுமதி வாங்கினது இல்ல, அட்டைல போட்டிருக்கும், பாத்து வாங்குங்க.

விலை. எனக்கு ஒண்ணு 4,800 ரூபா, 20க்கு 96,000. இன்ஷூரன்ஸ்ல வரல. கர்ப்பத்துல அஞ்சாவது வாரத்துலேர்ந்து பதினெட்டு வரைக்கும் விடாம, அப்புறம் ரெண்டு வாரம் போட்டு ரெண்டு வாரம் விட்டு, 28லேர்ந்து பிரசவம் வரைக்கும் மறுபடி விடாம போட்டேன். என் வளையல் ரெண்டு அதுக்குத்தான் போச்சு. இங்கிலாந்துல டைப் 1 இருக்கற கர்ப்பிணி எல்லாருக்கும் அரசே இத தருது. நம்ம ஊர்ல அரசாங்க ஆஸ்பத்திரில இன்சுலின் இலவசமா கிடைக்குது, அதுவே எத்தனையோ குடும்பத்த காப்பாத்துது, அதே மாதிரி டைப் 1 கர்ப்பிணிகளுக்கு மட்டுமாவது, அதுவும் லோ அதிகமா வர்ற முதல் நாலு மாசத்துக்காவது, சென்சாரும் தரணும். எண்ணிக்கைல நாங்க ரொம்ப கம்மி பேர், பெரிய செலவு ஆகாது.

20வது வாரத்துக்கு அப்புறம் கதை தலைகீழ். நஞ்சுக்கொடில சுரக்கற ஹார்மோன் இன்சுலின வேலை செய்ய விடாது, ஒவ்வொரு வாரமும் டோஸ் ஏறும், 34வது வாரத்துல எனக்கு 84 யூனிட். என்னமோ தப்பு பண்றேன்னு பயந்தேன், ரெண்டு மூணு மடங்கு ஆகறது வழக்கம்தானாம். வளைகாப்பு அன்னிக்கு அத்தை ஏழு வகை சாதம் வச்சு, சக்கரைப் பொங்கல நான் தொட மாட்டேன்னு நினைச்சு தேங்கா சாதத்த என் பக்கம் நகர்த்தினாங்க, நான் போன காட்டி, "அத்த, அம்பு கீழ இருக்கு, ஒரு வாய் குடுங்க"ன்னேன். அவங்க கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு அந்த ஒரு வாய் இன்னும் நாக்குல இருக்கு.

38வது வாரத்துல பிரசவம், சிசேரியன். எங்களுக்கு பொதுவா 37, 38 வாரத்துல முடிச்சுடறாங்க, அதுக்கு மேல வச்சிருக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரில சென்சார நம்பல, மணிக்கொரு தடவை விரல்ல குத்தித்தான் டிரிப்ப மாத்தினாங்க, அது சரிதான். நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் தேவை அப்படியே விழுந்துடும், மறுநாளே நான் 28 யூனிட்டுக்கு வந்துட்டேன். பழைய டோஸையே எழுதி வைக்காம பிரசவத்துக்கு அப்புறம் எவ்வளவுன்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு தாள்ல எழுதி பையில வைங்க. பையனுக்கு பொறந்ததும் சுகர் பாத்தாங்க, வயித்துல நம்ம சுகருக்கு ஏத்த மாதிரி அவன் இன்சுலின் சுரந்து பழகியிருப்பான், வெளிய வந்ததும் சுகர் வரத்து நின்னு இறங்கிடும். இவனுக்கு கொஞ்சம் இறங்குச்சு, உடனே பால் குடுக்க வச்சாங்க, சரியாச்சு. 3.2 கிலோ.

எல்லாரும் கேக்கற கேள்வி, குழந்தைக்கும் வந்துடுமா. அம்மாவுக்கு டைப் 1 இருந்து 25 வயசு இல்ல அதுக்கு மேல பெத்தா நூத்துல ஒரு குழந்தைக்குத்தான் வரும், 25க்கு கீழ பெத்தா இருபத்தஞ்சுல ஒண்ணு, அப்பாவுக்கு இருந்தா பதினேழுல ஒண்ணு. இத எங்க சொந்தக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டேன், இங்கயும் சொல்றேன், பொண்ணு பாக்க வர்ற வீட்ல சொல்லுங்க.

அஞ்சுக்கு நாலு மார்க் குடுப்பேன், ஒண்ண பசைக்கும் அந்த பன்னெண்டு நாளுக்கும் கழிச்சிருக்கேன். இப்ப பையனுக்கு ஏழு மாசம். தாய்ப்பால் குடுக்கறப்பவும் சுகர் இறங்கும், அதனால மாசத்துக்கு ஒண்ணு இன்னும் போடறேன், வலது கைலதான், ராத்திரி ரெண்டு மணி பாலுக்கு எழுந்தா முதல்ல அம்புக்குறி பாப்பேன், கீழ இருந்தா தலைமாட்டுல இருக்கற பேரீச்சம்பழம் ரெண்டு சாப்பிட்டுட்டு அப்புறம் அவன தூக்குவேன்.